'கெட்' மக்கர் பண்ணுதா? எந்த கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடியில சாயந்தரம் ஆறரை மணிக்கு மேல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தரேன், அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் புதுச்சேரியில ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல இருந்தேன். ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வர்ற சிப்காட் பசங்க, நர்சிங் முடிச்சுட்டு வெளிநாடு போக பரீட்சைக்கு படிக்கிற பொண்ணுங்க, பாண்டியில ஒரு கஃபேல ஆர்டர் எடுக்கிற தம்பி, வெளிநாட்டுல வளர்ற பேத்தி கூட ஃபோன்ல பேசணும்னு வர்ற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்னு விதவிதமா ஆளுங்க வர்றாங்க. இவங்க யாரும் பெரிய வார்த்தையில தடுக்கி விழறதில்ல, அதெல்லாம் அர்த்தம் பாத்து படிச்சு வெச்சுக்கறாங்க, விழற இடம் எல்லாருக்கும் ஒண்ணுதான், இங்கிலீஷ்ல மூணே எழுத்து இருக்கிற கெட், அப்புறம் அதோட இறந்தகாலம் காட்.

"அக்கா, கெட்டுக்கு எத்தன அர்த்தம் இருக்குன்னு லிஸ்ட் குடுங்க, ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிடறேன்"னு எல்லா பேட்ச்லயும் யாராவது கேப்பாங்க. நான் லிஸ்ட் தர்றதில்ல. ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதிக்காக பீட்டர் கில்லிவர்ங்கற ஆசிரியர் ரன்ங்கற ஒரே வினைச்சொல்ல உக்காந்து பிரிச்சப்ப 645 அர்த்தம் வந்துச்சு, அந்த ஒரு வார்த்தைக்கே ஒன்பது மாசம் ஆச்சு. கெட்டும் அந்த மாதிரி ஜாதிதான். இதுக்கெல்லாம் லிஸ்ட் படிச்சு கரை சேர முடியாது, ஆனா அதுக்காக பயப்படவும் வேணாம், ஏன்னா இதே வேலைய நாம தமிழ்ல தினமும் பண்றோம்.

பிடிங்கற வார்த்தைய எடுத்துக்கங்க. காலையில எழுந்து குழாயில தண்ணி பிடிக்கிறோம், அதுக்குள்ள அடுப்புல பால் அடி பிடிச்சிருது, பையன் ஸ்கூலுக்கு போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறான், கேட்டா சளி பிடிச்சிருக்குங்கறான், ஓடிப்போய் பஸ்ஸ பிடிக்கிறோம், போய் சேர ஒரு மணி நேரம் பிடிக்குது, போனா லீவுக்கு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க, தேவனாம்பட்டினத்துல மீன் பிடிக்கிறாங்க, பக்கத்து வீட்டு பொண்ணுக்கு மாப்பிள்ளைய பிடிச்சிருக்காம். இதுல எதையாவது நாம உக்காந்து மனப்பாடம் பண்ணோமா? தண்ணின்னு காதுல விழுந்ததும் அங்க வர்ற பிடி குடத்தோட வர்ற பிடின்னு தெரியுது, சளின்னதும் வேற பிடின்னு தெரியுது, அவ்ளோதான்.

அப்ப கெட்ல மட்டும் ஏன் தடுமாறறோம்? நான் ரொம்ப நாள் யோசிச்சு பாத்ததுல எனக்கு பட்டது இதுதான். தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். பிடிங்கறது வாயில வர்றதுக்கு முன்னாடியே தண்ணியா சளியா பஸ்ஸான்னு துப்பு நம்ம கைக்கு வந்துருது. இங்கிலீஷ்ல கெட் முன்னாடியே வந்து நின்னுடுது, துப்பு எல்லாம் அதுக்கு பின்னாடிதான் வருது, நாம பழக்க தோஷத்துல கெட்னு கேட்ட அந்த செகண்டே ஒரு அர்த்தத்த போட்டுடறோம், அப்புறம் வர்ற வார்த்தைங்க அதோட ஒத்துப்போகல. கீழ வர்ற கோளாறு பலதுக்கும் வேர் இதுதான். தொல்காப்பியம் கிளவியாக்கத்துலயே பல பொருள் தர்ற சொல்ல வினையாலயும் இனத்தாலயும் சார்பாலயும் தெரிஞ்சுக்கணும்னு சொல்லியிருக்கு. அங்க மா மாதிரி பெயர்ச்சொல்லுக்கு சொன்னது அது, பூத்துச்சுன்னா மரம், ஓடுச்சுன்னா விலங்கு. நாம அதையே திருப்பிப் போட்டு வினைச்சொல்லுக்கு வெச்சுக்கலாம்.

அதனால முதல் பழக்கம், புத்தகத்துல கெட் வந்தா கட்டைவிரலால அத மூடிட்டு பின்னாடி இருக்கறத மட்டும் படிங்க. பேச்சுல வந்தா அர்த்தம் போடாம ஒரு மூச்சு நிறுத்தி வைங்க. இத ஒரு வாரம் பண்ணிட்டு கீழ இருக்கிறதுல உங்க கோளாறு எதுவோ அங்க போங்க.

"எங்க பாத்தாலும் 'கிடைச்சுது'ன்னே வருது"

ஸ்கூல்ல கெட்னா பெறு, அதான் கிடைக்கிறதுன்னு படிச்சது மண்டையில அப்படியே உக்காந்திருக்கும். 'இட்ஸ் கெட்டிங் டார்க்'னு ஒரு வாக்கியம் வந்தா "இருட்டு கிடைச்சுட்டு இருக்கு"ன்னு எழுதுவாங்க, தப்புன்னு அவங்களுக்கே தெரியும், ஆனா வேற என்ன போடறதுன்னு தெரியாது.

விரலால மூடிட்டு பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அங்க இருக்கறது பொருளா, தன்மையா, இடமா? டார்க்குங்கறது பொருள் இல்ல, தன்மை. தன்மை வந்தா கெட்டுக்கு ஆகுங்கறதுதான் அர்த்தம். 'காட் டயர்ட்' அசந்து போச்சு, 'காட் ஆங்ரி' கோவமாயிட்டாங்க, 'கெட்டிங் லேட்' லேட்டாகுது, 'காட் மேரிட்' கல்யாணம் ஆச்சு. நர்சிங் பொண்ணுங்க இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் கவனமா இருங்க. 'ஷி காட் வர்ஸ்'னா ஒரு கட்டத்துல மோசமாச்சுன்னு நடந்து முடிஞ்ச சேதி, 'ஷி இஸ் கெட்டிங் வர்ஸ்'னா இப்பவும் மோசமாகிட்டே போகுதுன்னு அர்த்தம், ஷிஃப்ட் மாத்தும்போது ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண சொன்னா அடுத்து வர்ற நர்ஸ் ஓட வேண்டிய நேரத்துல உக்காந்திருப்பாங்க. தேறிட்டு வர்றாங்கன்னா 'கெட்டிங் பெட்டர்'.

இடம் வந்தா போய் சேர்றது. 'வென் டிட் யு கெட் ஹோம்?' எப்ப வீடு வந்து சேந்தீங்க. இதுல நம்ம ஆளுங்க பண்ற ஒரு தப்பு 'கெட் டு ஹோம்'னு நடுவுல டு போடறது. ஸ்டேஷனுக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, ஆபீஸுக்கு எல்லாம் டு வேணும், ஹோம், ஹியர், தேர் மூணுக்கும் வேணாம்.

பொருள் வந்தாதான் நெஜமாவே பாக்கணும். லெட்டர்னா கிடைச்சுது. புது ஃபோன்னா பெரும்பாலும் காசு குடுத்து வாங்கினது. 'கெட் மீ எ சேர்'னா எடுத்துட்டு வா. இதெல்லாம் பக்கத்துல இருக்கிற பொருள பாத்தாலே தெரிஞ்சுரும். இன்னொரு கூட்டம் இருக்கு, அது எனக்கு ரொம்ப பிடிச்ச கூட்டம். 'காட் எ கோல்ட்' சளி பிடிச்சுது. 'காட் த பஸ்' பஸ்ஸ பிடிச்சேன். 'த போலீஸ் காட் ஹிம்' போலீஸ் அவன பிடிச்சுடுச்சு. 'ஐ காட் த ஜோக்' ஜோக் பிடிபட்டுச்சு. வரிசையா அத்தனைக்கும் நம்ம பிடியே பொருந்துது பாருங்க. இது தற்செயல் மாதிரி தெரியலாம், ஆனா கெட் இங்கிலீஷுக்குள்ள வந்தது வைக்கிங் ஆளுங்க பேசின பழைய நார்ஸ் மொழியில இருந்த கெட்டாங்கற சொல்லுல இருந்து, அதுக்கும் பின்னாடி போனா மூல வேருக்கு அர்த்தமே கையால பிடிக்கிறது, பற்றிக்கிறதுங்கறதுதான். ஃபர்கெட்டும் இதே குடும்பம், பிடி நழுவி போயிடறதுதான் மறதி. லத்தீன் வழியா அதே வேர்ல இருந்து வந்ததுதான் காம்ப்ரிஹெண்ட், அதாவது புரிஞ்சுக்கறது. புதுச்சேரியில அலியான்ஸ் பிரான்சேஸ்ல பிரெஞ்சு படிக்கிற பசங்களுக்கு எடுக்கிறதுக்கு ப்ராந்த்ர், புரிஞ்சுக்கறதுக்கு கோம்ப்ராந்த்ர்னு சொல்லித் தருவாங்கல்ல, அதுவும் இந்த குடும்பத்து பங்காளிதான். கையால பிடிச்சா எடுக்கிறது, மனசால பிடிச்சா புரியறது, நாமளும் அத தானே பிடிபட்டுச்சுங்கறோம். அதனால பொருள் வந்து குழம்பினா முதல்ல பிடி போட்டு பாருங்க, ஒட்டலன்னா வாங்கு, அதுவும் ஒட்டலன்னா கிடை. ஸ்கூல்ல முதல்ல சொல்லிக் குடுத்தத கடைசியில வைங்க.

"பின்னாடி ஒரு பொடி வார்த்தை வந்து ஒட்டிக்குது, அதோட எல்லாம் போச்சு"

இன், ஆன், ஆஃப், பை, த்ரூ, ஓவர், இந்த மாதிரி பொடிசுங்க. இது பெரிய கோளாறு, நானே இதுல ரெண்டு தடவ மத்தவங்கள கஷ்டப்படுத்தியிருக்கேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

ஹோட்டல்ல சேந்த புதுசு. திருச்சியில இருந்து வர்ற ஒரு வயசான வெளிநாட்டு தம்பதி ஃபோன் பண்ணாங்க. 'வி கெட் இன் அட் ஃபைவ் ஃபார்ட்டி, ப்ளீஸ் சென்ட் எ கார் டு விழுப்புரம் ஸ்டேஷன்'. நான் கெட் இன்னா வண்டிக்குள்ள ஏறறதுன்னு படிச்சிருந்தேன், அதனால அஞ்சு நாப்பதுக்கு திருச்சியில ட்ரெயின் ஏறறாங்கன்னு கணக்கு போட்டு டிரைவர் அண்ணன எட்டேகாலுக்கு விழுப்புரத்துல நிக்க சொல்லிட்டேன். அவங்க அஞ்சு நாப்பதுக்கே விழுப்புரத்துல இறங்கிட்டாங்க. ரெண்டரை மணி நேரம் பெட்டி மேல உக்காந்திருந்தாங்களாம். வந்ததும் அந்த அம்மா என்ன திட்டல, கால் வீங்கியிருந்துச்சு, வெந்நி மட்டும் கேட்டாங்க. அந்த பக்கெட்ட நானே மாடிக்கு தூக்கிட்டு போனேன், இன்னைக்கும் கெட் இன்னு சொல்லும்போது அந்த படிக்கட்டு ஞாபகம் வரும்.

எங்க பாத்திருக்கணும்? இன்னுக்கு அடுத்து என்ன வந்துச்சுன்னு பாத்திருக்கணும். 'கெட் இன் த கார்'னு வண்டி பேர் வந்தா ஏறறது. 'கெட் இன் அட் ஃபைவ் ஃபார்ட்டி'ன்னு நேரம் வந்தா வந்து சேர்றது. ட்ரெயின், ஃப்ளைட் எல்லாத்துக்கும் இதுதான், 'த ட்ரெயின் கெட்ஸ் இன் அட் சிக்ஸ்'னா ஆறு மணிக்கு வருது. இன்னொரு துப்பும் கையிலயே இருந்துச்சு, ட்ரெயின்ல ஏறறதுக்கு இங்கிலீஷ்ல கெட் இன் வராது, கெட் ஆன்தான் வரும். உள்ள ஏறி நிமிந்து நடக்க முடியற வண்டி, இல்ல ரெண்டு பக்கமும் கால போட்டு உக்கார்ற வண்டின்னா ஆன், இறங்கறதுக்கு ஆஃப், அதாவது பஸ், ட்ரெயின், கப்பல், பைக், சைக்கிள். குனிஞ்சு நுழைஞ்சு உக்கார்றதுன்னா ஏறறதுக்கு இன், இறங்கறதுக்கு அவுட் ஆஃப், கார், ஆட்டோ, டாக்ஸி. டவுன் பஸ்ல 'கெட் டவுன்'னு சொல்றது நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வெளிநாட்டுக்காரங்ககிட்ட கெட் ஆஃப்னு சொல்லுங்க.

இன்னொண்ணு தானே புயலுக்கு அப்புறம் நடந்தது. 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்துச்சே அந்த புயல். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. உதவி பண்ண வந்த ஒரு குழு கூட நான் மொழிபெயர்க்க போனேன். அதுல ஒரு அம்மா, தோப்ப இழந்த ஒரு பெரியவர்கிட்ட 'ஹவ் ஆர் யு கெட்டிங் பை?'ன்னு கேட்டாங்க. பைன்னா வழியா, பக்கத்துலன்னு என் மண்டையில ஓடுச்சு. "எப்படி போறீங்க வர்றீங்கன்னு கேக்கறாங்க தாத்தா"ன்னு சொன்னேன். அவரு பொறுமையா, "ரோட்டுல மரம் கெடக்குதும்மா, ஏரிக்கரை பக்கமா சுத்திக்கிட்டு போறோம்"னாரு. நான் அதையே இங்கிலீஷ்ல சொன்னேன், அந்த அம்மா நோட்ல எழுதிக்கிட்டாங்க. அவங்க கேட்டது அது இல்ல. கெட் பைன்னா இருக்கறத வெச்சு சமாளிச்சு காலத்த ஓட்டறது. தோப்பு போச்சே, எத வெச்சு சாப்பிடறீங்கன்னு கேட்டிருக்காங்க. முந்திரி கன்னு வெச்சு காய்ப்புக்கு வர வருஷக்கணக்குல ஆகும், அது வரைக்கும் என்ன பண்றதுங்கற கேள்விக்கு அவருகிட்ட நிறைய பதில் இருந்திருக்கும், என் வாய் வழியா அது வெளிய வரல. திரும்பி வர்றப்ப பஸ்ல தான் எனக்கு உறைச்சுது. கெட் சரியா தெரியலன்னா மார்க்தான் போகும்னு நெனைக்கிறவங்களுக்காகத்தான் இத சொல்றேன்.

'கெட் பை'க்கு துப்பு, 'பை'ங்கற சொல்லுக்கு பின்னாடி ஒண்ணுமே இல்ல, கேள்வி அங்கயே முடிஞ்சுருச்சு. 'கெட் பை ஆன்'னு வந்தா அடுத்து எத வெச்சு ஓட்டறோம்ங்கறது வரும், பெரும்பாலும் தொகை.

கெட் த்ரூ கிட்டத்தட்ட அதோட அக்கா தங்கச்சி, ஆனா அது கஷ்டத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளிய வந்துடறது. புயலுக்கும் வரும், பரீட்சைக்கும் வரும், ஃபோன் லைன் கிடைச்சுதுன்னு சொல்றதுக்கும் வரும், 'ஐ குட்'ன்ட் கெட் த்ரூ'ன்னா லைன் கிடைக்கல. கெட் ஓவர் மேல ஏறி தாண்டறது, காய்ச்சலுக்கும் துக்கத்துக்கும் வரும், யாராவது தவறிப்போன வீட்டுல மட்டும் 'கெட் ஓவர் இட்'னு சொல்லிடாதீங்க, "விட்டுத் தள்ளு"ன்னு அடிக்கிற மாதிரி கேக்கும். கெட் அலாங் ஒத்துப்போறது. கெட் ரிட் ஆஃப் தொலைச்சு கட்டறது. கெட் அவே வித், தப்பு பண்ணிட்டு மாட்டாம போறது. பொடி வார்த்தைக்கு ஒரு படம் இருக்கு, த்ரூன்னா உள்ள பூந்து வெளிய வர்றது, ஓவர்னா மேல தாண்டறது, அவேன்னா விலகிப்போறது, அந்த படத்த மனசுல வரைங்க, பாதிக்கு மேல தானா அவிழும், அவிழாதது ஒரு பத்து பதினஞ்சு இருக்கும், அத மட்டும் வாக்கியத்தோட படிச்சு வெச்சுக்கங்க.

"நான் செஞ்சேனா, ஆள் வெச்சு செஞ்சேனா, எனக்கு நடந்துச்சா?"

இதுக்கு நம்ம தமிழே காரணம். மேஸ்திரி கட்டின வீட்ட "நான் வீடு கட்டினேன்"னு சொல்றோம், பல் டாக்டர்கிட்ட போயிட்டு "பல்ல புடுங்கிட்டேன்"ங்கறோம், டெய்லர் தெச்சத "ஜாக்கெட் தெச்சுட்டேன்"ங்கறோம். கேக்கிறவங்களுக்கும் புரியுது, பிரச்சனையே இல்ல. இதையே இங்கிலீஷ்ல அப்படியே போட்டா பிரச்சனை.

என்கிட்ட படிச்ச ஒரு தம்பி ஒரு கம்பெனி இன்டர்வியூவுல 'த பம்ப் ஃபெயில்ட் அட் நைட், ஐ ரிப்பேர்ட் இட்'னு சொல்லியிருக்கான். எதிர்ல இருந்தவரு உடனே எந்த சீல் மாத்தினே, எந்த பேரிங் போட்டேன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு. தம்பி செஞ்சது ராத்திரி ரெண்டு மணிக்கு கான்ட்ராக்டர எழுப்பி, கூடவே நின்னு, விடியறதுக்குள்ள வேலைய முடிச்சு வாங்கினது. நெஜமா அது நல்ல வேலை, சொல்ல வேண்டிய வேலை, ஆனா சொன்ன விதத்துல பொய் சொல்ற மாதிரி ஆயிடுச்சு, வந்து மாடிப்படியிலயே உக்காந்துட்டான். அவன் சொல்லியிருக்க வேண்டியது 'ஐ காட் இட் ரிப்பேர்ட்'. காட், அப்புறம் பொருள், அப்புறம் ரிப்பேர்ட், இந்த வரிசை வந்தா ஆள் வெச்சு செஞ்சு முடிச்சேன்னு அர்த்தம். 'ஐ காட் மை ஹேர் கட்' சலூன்ல வெட்டிக்கிட்டது, 'ஐ கட் மை ஹேர்' கண்ணாடி முன்னாடி நானே கத்திரிய எடுத்தது.

அந்த ஆள் யாருன்னும் சொல்லணும்னா வரிசை மாறும். 'ஐ காட் த கான்ட்ராக்டர் டு கம் அட் டூ'. ஆள் வந்தா டு கட்டாயம். மேக்ல டு கிடையாது, 'மேட் ஹிம் கம்'தான், அந்த பழக்கத்துல இங்கயும் டுவ விட்டுடறாங்க. அர்த்தத்துலயும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, மேட்ல அதட்டி வரவழைச்ச வாசனை அடிக்கும், காட்ல பேசி சம்மதிக்க வெச்ச வாசனை.

மூணாவது, எனக்கு நடந்தது. இதுக்கு நம்மகிட்ட அருமையான ஒரு சாவி இருக்கு, வாங்குங்கற சொல்லு. 'காட் ஸ்கோல்டட்' திட்டு வாங்கினேன். 'காட் பீட்டன்' அடி வாங்கினான். காசு குடுத்தா வாங்கினோம்? இல்ல, மேல வந்து விழுந்துச்சு, அதத்தான் வாங்கினோம்ங்கறோம். இங்கிலீஷ்காரங்களும் அதே மாதிரிதான் சொல்றாங்க. 'காட் காட்'னு ஒண்ணு வரும், எழுத்து வேற, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ரெண்டாவது கேட்ச்சோட இறந்தகாலம், மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். 'காட் ட்ரான்ஸ்ஃபர்ட்', 'காட் செலக்டட்', 'காட் சீட்டட்' (ஏமாந்து போனேன்) எல்லாம் இந்த வகை. காட்டுக்கும் அந்த சொல்லுக்கும் நடுவுல பொருள் இல்லாம நேரா ஒட்டி வந்தா எனக்கு நடந்தது, நடுவுல பொருள் உக்காந்திருந்தா பெரும்பாலும் நான் செய்ய வெச்சது. பெரும்பாலும்னு சொல்றேன், ஏன்னா 'ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்'னு ஒருத்தர் சொன்னா ஆள் வெச்சு திருட வெச்சாருன்னு எடுத்துக்க மாட்டோம், அங்க சேதியே சொல்லிடும்.

"காட் டு வந்தா செஞ்சாச்சா, செய்யணுமா?"

'ஐ காட் டு மீட் ஹிம் லாஸ்ட் வீக்'னா போன வாரம் அவர பாக்க வாய்ப்பு கிடைச்சுது, பாத்தாச்சு, சந்தோஷம். 'ஐ'வ் காட் டு மீட் ஹிம் டுமாரோ'ன்னா நாளைக்கு பாத்தே ஆகணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ஹாவோட அந்த வால், பேச்சுல வேகமா போகும்போது அந்த வாலும் முழுங்கி 'காட்டா'ன்னு தான் காதுல விழும். அதனால வால தேடாதீங்க, காலத்த தேடுங்க. நேத்து, போன வாரம்னு வந்தா வாய்ப்பு. நாளைக்கு, இப்ப, சீக்கிரம்னு வந்தா கட்டாயம்.

"'ஹாவ் யு காட்'னா வாங்கிட்டியான்னு கேக்கறாங்களா?"

இல்ல, இருக்கான்னு கேக்கறாங்க. 'ஹாவ் யு காட் எ பென்?' பேனா இருக்கா. இங்க காட்டுக்கு தனியா வேலையே இல்ல, ஹாவ் மட்டும் படிச்சா போதும். அமெரிக்காக்காரங்க காட்டன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, 'ஐ'வ் காட்'னா என்கிட்ட இருக்கு, 'ஐ'வ் காட்டன்'னா வாங்கிட்டேன், ஆயிட்டேன்னு அவங்க பிரிச்சுக்கறாங்க. பிரிட்டன்ல இப்ப பெரும்பாலும் காட் மட்டும்தான். நீங்க எத எடுத்தாலும் சரி, ஒரே பேச்சுல ரெண்டையும் கலக்காதீங்க.

"நான் சொன்னா கேக்கறவங்க முகம் மாறுது"

ரெண்டு காரணம் இருக்கலாம். முதலாவது 'டிட் யு காட் மை மெசேஜ்?'. நம்ம பக்கம் பத்துல ஏழு பேர் வாயில இது வருதுன்னு தோணுது, அவ்ளோ கேட்டிருக்கேன். முடிஞ்சு போன காலத்த டிட் ஏற்கனவே தூக்கிட்டு வந்துடுச்சு, அப்புறம் காட்டும் அதையே தூக்க வேணாம், 'டிட் யு கெட்'தான். டிட்ன்ட்டுக்கும் இதே, 'ஐ டிட்ன்ட் கெட்'. "கிடைச்சுதா"ன்னு நம்ம சொல்லுல காலம் வினைச்சொல்லுலயே இருக்கறதால வாய் தானா காட்டுக்கு போகுது, இது விவரம் தெரியாததால வர்ற தப்பு இல்ல, வாய்ப்பழக்கம், அதனால வாயாலதான் சரி பண்ணணும். நான் பண்ண சொல்றது, தினமும் வீட்டுல யாரையாவது நெஜமான அஞ்சு கேள்வி டிட் யு கெட்ல கேக்கறது, பால் வாங்கினியா, கேஸ் மெசேஜ் வந்துச்சா, டிக்கெட் கிடைச்சுதா. மூணு வாரத்துல காட் கழண்டுடும்.

ரெண்டாவது தொனி. அந்த கஃபே தம்பி வெள்ளைக்காரங்க டேபிள்ல போய் 'வாட் யு வான்ட் டு கெட்?'னு கேட்டுட்டு இருந்தான், அவங்க பதில் சொல்வாங்க, ஆனா சிரிக்க மாட்டாங்க. 'கேன் ஐ கெட் யு எனிதிங்?'னு மாத்தினான். என்ன வேணும்ங்கற அதட்டல் போய் நான் ஏதாவது கொண்டு வரட்டுமான்னு ஆயிடுச்சு, கெட்டுக்கு சொந்தக்காரன் மாறிட்டான் பாருங்க, முதல்ல அவங்க கெட், இப்ப நம்ம கெட். அதே மாதிரி புரியலன்னா 'ஐ டோன்ட் கெட் யு'ன்னு முகத்துக்கு நேரா சொல்றத விட 'சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்'னு சொல்லுங்க, முதல்ல சொன்னதுல நீங்க என்ன ஆளுன்னே புரியலங்கற வாடை இருக்கு, ரெண்டாவதுல அந்த ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போச்சுன்னு ஆகுது.

"லெட்டர்ல கெட் போடலாமா?"

நண்பருக்குன்னா போடுங்க. பேங்க், கலெக்டர் ஆபீஸ், வேலைக்கு விண்ணப்பம்னா அதிகம் போடாதீங்க, அங்க கிடைச்சதுக்கு ரிசீவ்ட், வாங்கினதுக்கு அப்டெய்ன்ட் இல்ல பாட், ஆனதுக்கு பிகேம், வந்து சேந்ததுக்கு அரைவ்ட் வைங்க. ரிட்டயர்டு வாத்தியார் இதுக்கு நேர் எதிர் பிரச்சனையோட வந்தாரு, ஃபோன்ல பேத்திகிட்ட 'ஹாவ் யு ரிசீவ்ட் த பார்சல்?'னு கேக்கறாரு, அந்த குழந்தை ஆபீஸ்ல பேசற மாதிரி 'எஸ், தேங்க் யு'ன்னு முடிச்சுடுதாம். 'டிட் யு கெட் த முறுக்கு?'ன்னு கேக்க சொன்னேன். அடுத்த வாரம் வந்து சொன்னாரு, பதினஞ்சு நிமிஷம் பேசினாளாம், பாதி முறுக்கு உடைஞ்சு போச்சாம், 'இட் காட் க்ரஷ்ட், தாத்தா'ன்னு சொன்னாளாம், அதுல வர்ற காட் எந்த வகைன்னு அவரே எனக்கு சொல்லிக் காமிச்சாரு.